பேய்த்தலை மீன்

கார்த்திகை, மார்கழி இரவுகளில் அறுமீன் கூட்டத்துக்குச் சற்று வடக்கே பெர்சியஸ் மண்டலம் தெரியும். அங்கே வெறுங்கண்ணுக்கே நன்றாகப் புலப்படும் ஒரு மீன் அல்கோல்.

அன்று அது ஒரு வெட்டுண்ட தலை. கிரேக்கர்களின் வானச் சித்திரத்தில் பெர்சியஸ் என்ற வீரன் மெடூசாவின் தலையை உயர்த்திப் பிடித்திருப்பான். பாம்புகளே கூந்தலான அவளை நேராகப் பார்த்தவர்கள் கல்லாகிவிடுவார்கள் என்பது கதை. அந்தத் தலையில் மிகப் பிரகாசமான மீன் இதுதான். அரபு வானியலாளர்களிடம் மெடூசா, பாலைவனத்துப் பேயான ‘கூல்’ ஆனாள். ‘ரஃஸ் அல்-கூல்’ என்றால் பேயின் தலை. அதுதான் குறுகி அல்கோல் ஆயிற்று. எபிரேயத்தில் இது சாத்தானின் தலை. சீன வானப் படத்திலோ ‘பெருங்கல்லறை’ என்ற கூட்டத்தின் ஐந்தாவது மீன்.

பார்வை மாறியது இங்கிலாந்தின் யார்க் நகரில். ஜான் குட்ரிக் என்ற இளைஞருக்குக் காது கேட்காது. 1782 நவம்பரில் இந்த மீன் வழக்கத்தைவிட மங்கியிருப்பதைக் கண்டார். அதன்பின் இரவுக்கு இரவு பார்த்துக் குறித்துவந்தார். ஏறக்குறைய 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை அது மங்கித் தெளிவதைக் கணக்கிட்டார். பெரிய பொருள் ஒன்று குறுக்கே வந்து மறைக்கலாம் என்று 1783இல் எழுதினார். அப்போது அவருக்கு வயது 18. இருபத்தோரு வயதில் இறந்துபோனார். அவர் ஊகம் சரியென்பதை 1889இல் ஜெர்மானியர் ஹெர்மன் ஃபோகல் நிறமாலை கொண்டு காட்டினார்.

இன்று அல்கோல், ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன். மங்கிய துணைமீன் ஒளிமீனை மறைக்கும்போது, நமக்கு எட்டும் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. எளிதில் விளங்காத ஒன்றும் உண்டு. எடை மிகுந்த விண்மீன்தான் முதலில் மூப்படையும். இங்கே மூத்து ஊதியிருப்பதோ எடை குறைந்தது. ஒருகாலத்தில் அதுவே கனமானதாக இருந்தது. ஊதியபோது தன் பொருளைத் துணைக்குக் கொடுத்து மெலிந்துவிட்டது. இரண்டையும் தொலைவிலிருந்து மூன்றாவது மீன் ஒன்று சுற்றுகிறது.

2016இல் சர்வதேச வானியல் ஒன்றியம் அல்கோல் என்ற பழைய பெயரையே முறைப்படி ஏற்றது. அதுவே சரி. நேராகப் பார்க்கவே கூடாத தலை என்று சொல்லப்பட்டதை ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்தார் என்பதை அந்தப் பெயர்தான் நமக்கு நினைவூட்டுகிறது.