சியோலில் குப்பை கொட்டுவது

"அங்க எத்தனை வருஷமா குப்பை கொட்டுற?" என்று ஊரில் கேட்பார்கள். சியோலில் இருப்பவரிடம் அதை நிஜமாகவே கேட்கலாம். விஷயம் அவ்வளவு இருக்கு.

1995-லிருந்து தென்கொரியாவில் போடுகிற அளவுக்குத்தான் காசு. அந்தந்த வட்டாரத்துக்கென்று விற்கும் பையை வாங்கி, அதில்தான் கட்டி வைக்கணும். பை விலையிலேயே கட்டணம் அடக்கம். காகிதம், கண்ணாடி, பிளாஸ்டிக்கைப் பிரித்து வைத்தால் இலவசம். இது ஒரு வாரத்தில் பழகிவிடும்.

மண்டையைக் குழப்புவது சாப்பாட்டுக் குப்பை. 2005 முதல் அதை நேராக நிலத்தில் புதைக்கத் தடை. பெரும்பகுதி தீவனமாகவும் உரமாகவும் மாறுது. அதனால், கால்நடை தின்னுமா என்று யோசித்தால் பாதி விடை கிடைத்துவிடும். வாழைப்பழத் தோல் தின்னும், உள்ளே போகலாம். கோழி எலும்பு, முட்டை ஓடு, மாங்கொட்டை, டீத்தூள் சக்கை, ஏன், வெங்காயத் தோல்கூட சாதாரணப் பைக்குத்தான். முதல் மாசம் எல்லாத்தையும் ஒண்ணாகக் கொட்டி, பக்கத்து வீட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. கழுநீர்த் தொட்டியில் எலும்பைப் போட்டால் எங்க பாட்டி மட்டும் சும்மா விட்டிருப்பாங்களா?

பல அடுக்குமாடிகளில் எடை பார்க்கும் தொட்டி இருக்கு. அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும். கொட்டியதும் எடை திரையில் தெரியும், அதற்கேற்ப பில் வரும். எடையில் பெரும்பங்கு தண்ணீர்தான். ஆகவே வடிகட்டிவிட்டுத்தான் கொட்டணும். உப்பு அதிகமானதை அலசியும் போடணும், கிம்ச்சி ஆனாலும் சரி, நம்ம ஊறுகாய் ஆனாலும் சரி.

ரசம் மிஞ்சினால் இப்போதெல்லாம் நானே குடித்துவிடுகிறேன்.