பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்த அன்று இரவுச் சாப்பாடு எங்கே?

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வண்டலூர், ஊரப்பாக்கம், பொத்தேரி பக்கம் போனால் நம் ஊர்க் குடும்பங்களை நிறையப் பார்க்கலாம். கையில் பக்கெட், மெத்தை, ஊறுகாய் பாட்டில். விடுதி அறையில் சாமான்களை இறக்கிவிட்டு, வார்டனிடம் இரண்டு வார்த்தை பேசி முடிக்கும்போது மஃரிப் பாங்கு சொல்லிவிடும். வாப்பாவுக்குத் தலைவலி, உம்மாவுக்குக் கண் கலங்கி இருக்கும், தம்பிக்குப் பசி. "எங்கயாவது நல்ல ஹோட்டலாப் பாத்துச் சாப்பிட்டுட்டுப் போவோம்" என்பார்கள். ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் விளக்கு வெளிச்சத்தில் நூறு பலகைகள் தெரியும். இவற்றில் நம் குடும்பம் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடக்கூடிய கடை எது என்பதுதான் கேள்வி.

சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் அன்று இரவு நாம் சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறிவிடுவோம்; நம் பிள்ளை அதே தெருவில் நான்கு வருடம் சாப்பிடப் போகிறது. விடுதிச் சாப்பாடு பிடிக்காத ஒவ்வொரு இரவும் அந்தக் கடைகளில் ஒன்றுதான். அன்று நாம் எப்படித் தேடுகிறோம், யாரிடம் கேட்கிறோம், எதை வேண்டாம் என்கிறோம் என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்தப் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீழக்கரையைச் சேர்ந்த பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் 1984-ல் வண்டலூரில் தொடங்கிய கிரசண்ட் பொறியியல் கல்லூரி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. தெற்கே ரயிலில் சில நிலையங்கள் தள்ளிப் பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில் வி.ஐ.டி.யின் சென்னை வளாகம். இவை தவிர இன்னும் பல கல்லூரிகள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென்மாவட்டங்களிலிருந்து வரும் நம் குடும்பங்களுக்குச் சென்னை நகருக்குள் போகும் வேலையே இல்லாமல் போய்விட்டது. முன்பெல்லாம் மண்ணடிக்கோ திருவல்லிக்கேணிக்கோ போய்த் தெரிந்த கடையில் சாப்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்புவோம். இப்போது சாப்பாடும் இந்தப் புறநகரிலேயே என்றாகிவிட்டது. மண்ணடியில் கேட்காமலே சாப்பிடலாம். இங்கே கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

இங்குள்ள கடைகள் முதலில் மாணவர்களுக்காக உள்ளவை. இந்தியாவின் எல்லா மூலையிலிருந்தும் பிள்ளைகள் வந்து படிப்பதால் ஆந்திரா மெஸ், கேரள உணவகம், வட இந்திய தாபா, மோமோ கடை, ஷவர்மா கடை என எல்லாம் உண்டு. வெவ்வேறு வழக்கமுள்ள பிள்ளைகளுக்காக நடக்கும் கடைகள் என்பதால் சிலவற்றில் பன்றி இறைச்சியும் இருக்கலாம். ஒரே ஆவிப் பாத்திரத்தில் இரண்டு வகை மோமோவும் வேகிறதா, ஒரே எண்ணெய்ச் சட்டியில் எல்லாம் பொரிகிறதா என்று பார்க்க வேண்டியது அதனால்தான். பார் வசதியோடு இருக்கும் உணவகங்களும் நெடுஞ்சாலையோரம் உண்டு. பலகையில் 'குடும்ப உணவகம்' என்று இருப்பதை மட்டும் வைத்து உள்ளே போய்விடக் கூடாது. வாசலிலேயே ஒரு நிமிடம் நின்று மெனு அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

இனி இறைச்சி விஷயம். 'ஹலால்' என்ற பலகையைப் பார்த்ததும் நம் மனம் நிம்மதி அடைந்துவிடுகிறது. அந்தப் பலகையை யார் வேண்டுமானாலும் எழுதி மாட்டலாம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் ஹலாலுக்கான சான்று அல்ல. அது உணவுப் பாதுகாப்புக்கானது. ஹலால் சான்றிதழ் தருபவை தனியார் அமைப்புகள். அவை பெரும்பாலும் ஏற்றுமதி நிறுவனங்களுக்கும் பாக்கெட் உணவுத் தயாரிப்பாளர்களுக்கும்தான் தருகின்றன. தெருவோரப் பிரியாணிக் கடையில் அப்படி ஒன்றை எதிர்பார்க்க முடியாது. ஆகவே நேரடியாகக் கேட்பதே வழி.

கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது. "இது ஹலாலா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆமா" என்றுதான் சொல்வார்கள், அது என்னவென்று தெரியாதவர்கூடச் சொல்வார். "அண்ணே, கறி எந்தக் கடையிலேர்ந்து வாங்குறீங்க? கோழி உயிரோட வந்து இங்க அறுக்கிறாங்களா, சுத்தம் பண்ணி வருதா?" என்று கேட்டுப் பாருங்கள். முறையாக நடத்துகிறவர் உடனே கறிக்கடை பாயின் பெயரைச் சொல்லி, தெருவையும் சொல்வார். மழுப்புகிறவரைப் பார்த்தாலே தெரியும். நகெட்ஸ், சாஸேஜ், பர்கருக்குள் வைக்கும் தட்டை போன்றவை உறைநிலையில் பாக்கெட்டாக வருபவை; அவற்றுக்குப் பாக்கெட்டைக் காட்டச் சொல்லலாம். முதலாளி முஸ்லிம் என்பதால் மட்டும் இந்தக் கேள்வி தேவையில்லை என்று ஆகிவிடாது. முதலாளி முஸ்லிம் அல்லாதவர் என்பதால் மட்டும் கடையை ஒதுக்கிவிடவும் தேவையில்லை. நம் பாயிடமே தினமும் கறி வாங்கும் இந்து சகோதரர்களின் கடைகள் எத்தனையோ இருக்கின்றன. அங்கே கறி எங்கிருந்து வருகிறது என்பது நம்பிக்கையாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ஹதீஸ் ஒன்றைப் பலரும் அரைகுறையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். இறைச்சி கொண்டுவந்து தருகிறார்கள், அல்லாஹ்வின் பெயர் சொல்லி அறுத்தார்களா என்று தெரியவில்லை என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, நீங்கள் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடுங்கள் என்ற கருத்தில் பதில் சொன்னதாக ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக புகாரியில் வருகிறது. கொண்டுவந்தவர்கள் புதிதாக இஸ்லாத்தை ஏற்றவர்கள் என்ற விவரமும் அதிலேயே இருக்கிறது. ஒரு முஸ்லிமைத் தேவையில்லாமல் சந்தேகப்பட்டுத் துருவாதே என்ற பாடம் அதில் உண்டு. யார் அறுத்தது என்றே தெரியாத எந்த இறைச்சிக்கும் பிஸ்மில்லாஹ் சொன்னால் போதும் என்று அதை விரிப்பது சரியல்ல. சந்தேகமானதை விட்டுவிடுவது மார்க்கத்துக்கும் மானத்துக்கும் பாதுகாப்பு என்ற ஹதீஸும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது.

சந்தேகம் தீரவில்லை என்றால் மீன் இருக்கிறது, முட்டை இருக்கிறது, சைவம் இருக்கிறது. மீனுக்கு அறுப்பு வேண்டாம். பொரிக்கும் எண்ணெயும் சட்டியும் சுத்தமாக இருந்தால் போதும். இதில் ஒரு சின்னச் சிக்கல் விடுதி அறையில் கட்டாயம் வரும். கீழக்கரைப் பையன் ஷாஃபி. நண்டு, கணவாய் எல்லாம் சாப்பிடுவான். வாணியம்பாடிப் பையன் ஹனஃபி; நண்டும் கணவாயும் சாப்பிட மாட்டான், இறாலில் அவர்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. ஒருவரை ஒருவர் கேலி செய்யாமல் இருக்கப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இனிப்பு விஷயத்தில் நாம் கவனக்குறைவாக இருக்கிறோம். புட்டிங், மார்ஷ்மெல்லோ, சில கேக்குகளில் ஜெலட்டின் சேர்ப்பார்கள். அது விலங்கின் எலும்பு, தோலிலிருந்து வருவது. நம் வீடுகளில் நோன்புக்குக் காய்ச்சும் கடல்பாசி தாவர வகை, அதில் பிரச்சினை இல்லை. "ஜெலட்டினா, சைனா கிராஸா?" என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். பாக்கெட்டில் வருவதென்றால் பச்சை வட்டமா, பழுப்பு முக்கோணமா என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஹலாலோடு தய்யிபையும் சேர்த்துத்தான் அல்பகரா அத்தியாயத்தின் 168-வது வசனம் பேசுகிறது. நாம் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறோம். முறையாக அறுத்த கோழிதான், ஆனால் மதியம் செருகிய ஷவர்மா கம்பி இரவு பதினொன்று வரை சுற்றுகிறது என்றால்? 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்ததும், பலர் மருத்துவமனையில் சேர்ந்ததும் நினைவிருக்கும். ஷவர்மாவில் வெளிப்பக்கம்தான் வேகும். உள்பக்கம் வேகாமலே சீவிக் கொடுத்தால் கிருமி அப்படியே வயிற்றுக்குள் போகும். சீவிய துண்டுகளை மறுபடி கல்லில் போட்டுச் சூடாக்கித் தருகிறார்களா என்று பாருங்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. அந்த வெள்ளைச் சாஸ் எதில் செய்தது என்று கேட்பதும் நம் உரிமை. சமைத்த உணவைச் சூடாக வைப்பதென்றால் குறைந்தது 60 டிகிரியில் வைக்க வேண்டும். தட்டில் வந்த பிரியாணியில் ஆவியே இல்லை, ஓரம் மட்டும் சூடு, நடுவில் குளிர்ச்சி என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் குடும்பத்தில் ஒருமுறை கூச்சப்பட்டுச் சாப்பிட்டுவிட்டு, இரவுப் பேருந்தில் விழுப்புரம் தாண்டியதும் பட்ட பாடு போதும்.

எண்ணெய் கறுத்து, நுரைத்து, கரிப்புகை நாற்றம் வருகிறதென்றால் அந்தக் கடையில் பொரித்ததைத் தொடாதீர்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் தீய கூறுகள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. நம்மிடம் அளக்கும் கருவி இல்லை, ஆனால் கண்ணும் மூக்கும் இருக்கின்றன. 14 இலக்க உரிம எண் கடைச் சுவரில் தெரிய வேண்டும், பில்லிலும் இருக்க வேண்டும். புகார் சொல்ல உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண் உண்டு. பில்லைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தானாகச் சேர்த்திருந்தால் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. அதை எடுக்கச் சொல்லலாம்.

செயலிகளில் இருக்கும் நட்சத்திரங்களை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். மாணவர்கள் நான்கு நட்சத்திரம் கொடுப்பது அளவுக்கும் விலைக்கும்தான். அதைவிட நம்பகமான வழி, மஃரிப் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் மோதினாரிடம் கேட்பது. அவர் எங்கே சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் பெரிய பலகை இல்லாத, பத்துப் பேர் உட்காரும் மெஸ்ஸாகத்தான் இருக்கும். மூன்றாம் ஆண்டு படிக்கும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவன் கிடைத்தால் இன்னும் நல்லது. வயது வந்த பெண்கள் உடன் இருந்தால், பெண்களுக்குத் தொழுகை இடம் உண்டா என்பதையும் அப்போதே விசாரித்துவிடலாம். பயணத்தில் இருப்பவர்களுக்கு மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழ ஷாஃபி மத்ஹபில் சலுகை இருக்கிறது, ஹனஃபியில் அப்படி இல்லை. அவரவர் முறைப்படி சாப்பாட்டு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். மஃரிப் முடிந்து ஏழு, ஏழரைக்குள் போய்விட்டால் நல்லது. எட்டரைக்கு மேல் மாணவர் கூட்டம் வந்து, வயதானவர்களுக்கு நாற்காலி கிடைக்காது.

இன்னொன்று சொல்ல வேண்டும். "அந்தக் கடையில் ஹலால் இல்லை, ஜாக்கிரதை, எல்லாருக்கும் அனுப்புங்கள்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். யார் பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள் என்று அதில் இருக்காது. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாவது வசனம் செய்தியை விசாரிக்கச் சொல்வது இதற்கும்தான் பொருந்தும். கடன் வாங்கிக் கடை போட்ட ஒருவரின் பிழைப்பு அந்த ஒரு செய்தியில் போய்விடலாம். நமக்குச் சந்தேகம் என்றால் நாம் சாப்பிடாமல் வந்துவிடலாம்; கடைக்காரரிடமே நேரில் கேட்கலாம். கேட்காமல் பரப்புவது வேண்டாம்.

சாப்பிட்டு முடித்ததும் கடைக்காரரிடம் பிள்ளையை அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள். "இவன் இங்கதான் படிக்கிறான் பாய், வந்தா பாத்துக்கங்க" என்று சொன்னால், பெரும்பாலானவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்வார்கள். காய்ச்சல் வந்த ஓர் இரவில் கஞ்சி வேண்டும் என்று அந்தப் பிள்ளை போய்க் கேட்கவும் அப்படி ஒரு கடை இருக்கும்.