14-ஆம் தேதி வரும் பட்டியல்

திருப்பூரில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு மாதத்தில் மூன்று தேதிகள் முக்கியம்: 11, 14, 20. சரக்கு விற்றவர் தன் விற்பனை பில்களை ஜி.எஸ்.டி. தளத்தில் 11-ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டும். நம் பெயரில் யார் யார் என்னென்ன பில் ஏற்றியிருக்கிறார்கள் என்ற பட்டியல் 14-ஆம் தேதி தளத்தில் வந்துவிடும். அதை 2பி என்போம். 20-ஆம் தேதிக்குள் வரி கட்டியாக வேண்டும். இடைப்பட்ட நாட்களில் என் மேஜையில் நடக்கும் வேலை ஒன்றுதான்: கம்பெனியின் கொள்முதல் புத்தகத்தையும் அரசின் 2பி-யையும் எக்ஸெல்லில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது ஒத்துப்போகிறது, எது போகவில்லை என்று பிரிப்பது.

வெறும் சரிபார்ப்பு வேலை இல்லை இது, காசு விஷயம். ஒரு பனியன் கம்பெனி 4,00,000 ரூபாய்க்குப் பருத்தி நூல் வாங்கினால் 5 சதவீதம், அதாவது 20,000 ரூபாய் வரியாக நூல்காரரிடம் கொடுக்கிறது. பிறகு தன் விற்பனைக்கு வரி கட்டும்போது அந்த 20,000-ஐக் கழித்துக்கொள்ளலாம். இதைத்தான் நாங்கள் 'இன்புட் எடுப்பது' என்கிறோம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கையில் பில் இருந்தால் போதும், எடுத்துக்கொள்ளலாம். விற்றவர் ஏற்றாத பில்களுக்கு 2019 அக்டோபரில் ஒரு வரம்பு வந்தது: ஏற்றப்பட்ட பில்களின் இன்புட்டில் 20 சதவீதம் வரைதான். அடுத்த ஜனவரியில் அது 10 ஆனது, 2021-இல் 5 ஆனது. 2022 ஜனவரி 1 முதல் 2பி-யில் இல்லாத பில்லுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. இவ்வளவு சிறுகச் சிறுக இறுக்கியதால்தான், பொருத்திப் பார்க்கும் வேலை ஆண்டு முடிவிலிருந்து மாதா மாதத்துக்கு வந்து சேர்ந்தது.

'வி-லுக்அப் போட்டா அஞ்சு நிமிஷ வேலைதானே?' என்று வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். வி-லுக்அப் என்பது ஒரு பட்டியலில் உள்ள ஒன்றை இன்னொரு பட்டியலில் தேடி, அதன் பக்கத்துக் கட்டத்தில் இருப்பதை எடுத்துவரும் சூத்திரம். சூத்திரம் அஞ்சு நிமிஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்த இரண்டு வரிசைகளை 'ஒரே பில்' என்று ஒப்புக்கொள்வது என்பதை எக்ஸெல் சொல்லித் தராது. அதை நாம் முடிவு செய்து அதற்குச் சொல்ல வேண்டும். பாதி நாள் போவது அங்கேதான்.

ஒரு சாயப்பட்டறை பில்லை எடுத்துக்கொள்வோம். காகிதத்தில் பில் எண் 'கேடி/0412/24-25'. எங்கள் பையன் புத்தகத்தில் ஏற்றும்போது 'கேடி-412' என்று அடித்திருப்பான். பட்டறையின் ஆடிட்டர் தளத்தில் வெறும் '412' என்று ஏற்றியிருப்பார். மனிதக் கண்ணுக்கு மூன்றும் ஒன்று. எக்ஸெல்லுக்கு மூன்றும் வேறு. பில் எண் 5-11 என்றிருந்தால் இன்னும் வேடிக்கை. அடித்த மாத்திரத்தில் எக்ஸெல் அதை நவம்பர் 5 என்று தேதியாக்கிவிடும். முன்னால் உள்ள பூஜ்யங்களைத் தின்றுவிடும். 12இ3 என்ற எண்ணை 12,000 என்று எடுத்துக்கொள்ளும். பில் எண் வரும் கட்டங்களை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டு அதன்பிறகுதான் தரவை ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு மாற்றினால் போனது போனதுதான்.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத தொல்லை: எண்ணாக இருக்கும் 412-ம், எழுத்தாக இருக்கும் 412-ம். நாம் எதையும் மாற்றாதவரை எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். வி-லுக்அப்புக்கு இரண்டும் அந்நியர்கள், 'இல்லை' என்று கைவிரித்துவிடும். கவுண்ட்இஃப் சூத்திரமோ இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். ஒரே கேள்விக்கு இரண்டு சூத்திரம் இரண்டு பதில் சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளில் சொல்லுக்குப் பின்னால் ஓர் ஒளிந்த இடைவெளி ஒட்டியிருப்பதும் உண்டு. 'ட்ரிம்' சாதாரண இடைவெளியைத் துடைக்கும். இந்த வகையைத் துடைக்காது, தனியாக மாற்றித்தான் எடுக்க வேண்டும்.

அதனால் நான் செய்வது இது. இரண்டு தாள்களிலும் ஒரு புதிய நெடுவரிசை திறந்து, விற்றவரின் ஜி.எஸ்.டி. எண்ணையும், சாய்கோடு, கிடைக்கோடு, இடைவெளி எல்லாம் நீக்கிய பில் எண்ணையும் ஒட்டி ஓர் அடையாளம் உண்டாக்குவேன். ஜி.எஸ்.டி. எண்ணில் எழுத்துகள் இருப்பதால் ஒட்டியது எப்போதும் எழுத்தாகவே இருக்கும். எண்ணா எழுத்தா என்ற சண்டை தீர்ந்தது. முதல் சுற்றில் இந்த அடையாளம் அப்படியே பொருந்துகிறவற்றைப் பிரித்து ஓரம் வைத்துவிட வேண்டும். மிஞ்சியதில் இரண்டாம் சுற்று: ஜி.எஸ்.டி. எண், தேதி, வரிக்கு முந்தைய தொகை. மொத்தத் தொகையை வைத்துப் பொருத்தக் கூடாது, பில்லின் கடைசியில் பைசாவை முழுமையாக்குவதில் ஆளுக்கு ஒரு வழக்கம். ஒரு ரூபாய்க்குள் வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம்.

வி-லுக்அப்பின் கடைசி இடத்தில் 'ஃபால்ஸ்' என்று போட மறந்தால் அது கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்து வந்து நீட்டும், அதுவும் தயக்கமே இல்லாமல். பிறகு வந்த எக்ஸ்-லுக்அப்பில் அந்த ஆபத்து இல்லை, சொல்லாவிட்டாலும் அச்சாகப் பொருந்துவதையே தேடும். இரண்டுக்குமே ஒரு குறை உண்டு: ஒரே அடையாளம் இரண்டு முறை வந்தால் முதலில் கண்டதோடு நின்றுவிடும். ஒரே பில்லில் 5 சதவீதப் பொருளும் 18 சதவீதப் பொருளும் இருந்தால் அது இரண்டு வரிசையாகப் பதிவாகலாம். அங்கே சம்இஃப்ஸ் போட்டுத் தொகையைக் கூட்டிப் பார்ப்பதே சரி.

தேடலை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் செய்து முடிப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் அரைகுறை வேலை. நம் புத்தகத்திலிருந்து 2பி-யில் தேடினால், அங்கே இல்லாதது தெரியும். அங்கே இருந்து இங்கே இல்லாதது தெரியவே தெரியாது. திரும்பவும் 2பி-யிலிருந்து புத்தகத்தில் தேட வேண்டும். 'ரெண்டு பக்கமும் மொத்தம் ஒண்ணாத்தானே வருது' என்று முதலாளிகள் சொல்வார்கள். 18,000 ரூபாய் வரியுள்ள ஒரு பில் விட்டுப்போய், நமக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு 18,000 வந்து சேர்ந்தாலும் மொத்தம் ஒன்றாகத்தான் வரும்.

கடைசியில் மிஞ்சும் சிறு பட்டியலுக்குக் கணினி உதவாது, போன்தான் உதவும்.

"அண்ணா, போன மாசத்து 412-ஆம் பில்லு 2பி-ல வரலீங்க."

"போட்டாச்சே அம்மணி. இருங்க, ஆடிட்டர்கிட்ட கேட்டுச் சொல்றனுங்க."

அரை மணி கழித்து விஷயம் வெளிவரும். பில்லை எங்கள் எண்ணில் ஏற்றாமல், பதிவில்லாத வாடிக்கையாளருக்கு விற்றதாக ஏற்றியிருப்பார்கள். அல்லது வேறொரு கம்பெனியின் எண்ணில் போயிருக்கும். ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்து: முதல் இரண்டு மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்து பான் எண், கடைசி எழுத்து மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு எழுத்து. ஓர் எழுத்தைத் தவறாக அடித்தால் தளமே திருப்பிவிடும். எனவே எண் மாறியிருந்தால் பெரும்பாலும் பார்ட்டி பட்டியலில் மேலேயோ கீழேயோ உள்ள பெயரைத் தேர்ந்திருப்பார்கள் என்று பொருள். விற்ற நிறுவனத்துக்குக் கர்நாடகத்திலும் கிளை இருந்தால், பில் அந்தக் கிளையின் 29-இல் தொடங்கும் எண்ணிலிருந்து நமக்கு வந்திருக்கலாம். அப்போது நடுவிலுள்ள பத்து எழுத்தை மட்டும் உருவித் தேடினால் சிக்கிவிடும்.

தாமதமும் உண்டு. 11-ஐத் தாண்டி ஏற்றிய பில் அடுத்த மாதப் பட்டியலில்தான் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்யும் சிறு வியாபாரிகளின் பில்லுக்கு இன்னும் காத்திருக்க நேரும். ஆகவே இந்த மாத மிச்சத்தை அழிக்காமல் அடுத்த மாதத் தாளின் அடியில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்கு மேல் பழைய இன்புட்டை எடுக்க முடியாது. மறுபுறம், நாம் வாங்காத சரக்குக்கு யாராவது நம் எண்ணில் பில் ஏற்றியிருந்தால், 2024 அக்டோபரில் வந்த புதிய வசதியில் அதை நிராகரிக்கலாம். சும்மா விட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு.

எல்லாவற்றுக்கும் முன்னால் வரிசைகளை எண்ணுங்கள். 2020-இல் இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறை, கொரோனா பரிசோதனை முடிவுகளை 65,536 வரிசைக்கு மேல் தாங்காத பழைய எக்ஸெல் வடிவக் கோப்பில் ஏற்றியது. மேலே போனவை சத்தமில்லாமல் விழுந்துவிட, 15,841 நோயாளிகள் அன்றன்றைய கணக்கில் வராமல் போனார்கள். இப்போதைய வடிவம் 10,48,576 வரிசை தாங்கும். ஆனாலும் இறக்கிய கோப்பில் எத்தனை, ஒட்டிய தாளில் எத்தனை என்று பார்க்காமல் நான் சூத்திரத்தைத் தொடுவதில்லை.

பில் போடுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் பில் எண் முறையை ஏப்ரல் 1-இல் மட்டும் மாற்றுங்கள், நடுவில் வேண்டாம். சட்டப்படி 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. காகிதத்தில் அச்சிட்ட எண்ணையே, பூஜ்யமும் சாய்கோடும் உட்பட, தளத்திலும் ஏற்றச் சொல்லுங்கள். 11-ஆம் தேதியைத் தாண்டாதீர்கள். தாண்டினால் உங்களிடம் வாங்கியவருக்கு அந்த வரிக் கழிவு ஒரு மாதம் தள்ளிப்போகும்.