படகின் அடியைக் காக்கும் பூச்சு

நெல் விளையும் சீமையிலே பிறந்த நமக்குக் களை என்றால் என்னவென்று எவரும் சொல்லித் தரத் தேவையில்லை. நட்ட வயலைச் சில வாரம் பாராமல் விட்டால் பயிரைவிடக் களையே ஓங்கி நிற்கும். கடலில் மிதக்கும் படகுக்கும் இத்தகைய களை உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம்.

நம் தஞ்சை மாவட்டம் வயலோடு முடிந்துவிடுவதில்லை. கடைமடைப் பகுதியைத் தாண்டிச் சென்றால் அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என மீனவ ஊர்கள் பாக் விரிகுடாவின் கரையில் இருக்கின்றன. அங்குள்ள படகுகளின் அடிப்பாகத்திற்கு மட்டும் தனி வகை வண்ணம் பூசுவது ஏன்? இக்கட்டுரையில் காண்போம்.

கடலின் களை

கடல்நீரில் இறங்கிய எந்தப் பொருளின் மீதும் விரைவிலேயே நுண்ணுயிர்கள் படிந்து வழவழப்பான படலம் உண்டாகிறது. அதன்மேல் பாசி வளர்கிறது. பின்னர் பார்னக்கிள் என்னும் உயிரி வந்து சேர்கிறது. இளம் பருவத்தில் நீந்தித் திரியும் இது, தக்க இடம் கண்டதும் ஒட்டிக்கொண்டு, சுண்ணாம்பு ஓட்டைக் கட்டிக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்துவிடும். பார்வைக்குச் சிப்பிபோல் தோன்றினாலும் இது இறால், நண்டு ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்தது. மரப்படகுக்குக் கப்பற்புழு என்ற பகையும் உண்டு. இதுவோ பார்வைக்குப் புழு. ஆனால் சிப்பி இனம்! பலகையின் வெளியே ஊசித் துளைதான் தெரியும். உள்ளே மரம் தேன்கூடுபோல் அரிக்கப்பட்டிருக்கும்.

அடிப்பாகம் சொரசொரப்பானால் நீரின் தடை மிகுகிறது. பாய்மரப் படகாயின் அதே காற்றில் வேகம் குறையும். விசைப்படகாயின் அதே தூரத்திற்கு டீசல் அதிகம் செலவாகும். மீன் விற்ற பணத்திலிருந்துதான் அந்த டீசலுக்கும் கொடுக்க வேண்டும். ஆகவே படகின் அடியில் வளரும் களை, மீனவர் வீட்டு அடுப்பையும் பிள்ளைகளின் படிப்பையும் தொடுகிறது.

தாமிரம் காட்டிய வழி

கட்டுமரத்திற்கு இத்தொல்லை குறைவு. தொழில் முடிந்ததும் அதைக் கரைக்கு இழுத்துக் காயவிடுவதால் ஒட்டுயிர்கள் உலர்ந்து மடிந்துவிடும். நீரிலேயே நிற்கும் பெரிய படகுகளுக்கு அவ்வாறு செய்ய இயலாது.

1761ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்ற கப்பலின் அடியில் தாமிரத் தகடு வேய்ந்து சோதித்தது. புழுவும் பார்னக்கிளும் அண்டவில்லை. ஆனால் இரும்பு ஆணிகள் அரித்துப்போயின. 1824இல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி, தாமிரம் கடல்நீரில் கரையாதிருக்க அதனுடன் இரும்பு அல்லது துத்தநாகத் துண்டுகளை இணைக்கலாம் என்று கண்டார். தாமிரம் கரைவது நின்றது; ஆனால் பாசியும் பார்னக்கிளும் மீண்டும் குடியேறின! தாமிரம் சிறிது சிறிதாகக் கரைவதால்தான் படகைக் காக்கிறது என்ற உண்மை இதனால் விளங்கியது.

இன்றைய பூச்சுகள் பலவற்றிலும் இருப்பது செந்நிறத் தாமிர ஆக்சைடு ஆகும். இவற்றில் முக்கியமாக இரு வகை உண்டு. கடின வகை, தேய்த்துக் கழுவினாலும் தாங்கும். ஆனால் நெடுநாள் கரையில் காய்ந்தால் வீரியம் குறையும். தேயும் வகை, படகு ஓட ஓடச் சோப்புக்கட்டிபோல் மெல்லக் கரைந்து புதிய மேற்பரப்பைக் காட்டும். அலுமினியப் படகுக்குத் தாமிரப் பூச்சு ஆகாது, உலோகம் அரித்துவிடும்.

பூசும் முறை

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றிப் பழுது பார்க்க இதுவே ஏற்ற காலம்.

1. கரையேறியவுடன், ஈரம் காயுமுன் நன்னீரால் கழுவிச் சுரண்ட வேண்டும். காய்ந்துவிட்டால் ஒட்டுயிர்கள் கல்லாக இறுகிவிடும்.

2. பழைய பூச்சை நனைத்தே தேய்க்க வேண்டும். அதன் தூசி நஞ்சு. முகமூடியும் கையுறையும் அவசியம்.

3. பலகை இடுக்குகளை அடைத்து, மரம் நன்கு உலர்ந்தபின் முதற்பூச்சு இட வேண்டும்.

4. டின்னின் அடியில் தாமிரம் தங்கிவிடும். ஆதலால் அடிவரை நன்கு கலக்கி, இரண்டு முறை பூச வேண்டும். நீர்மட்டக் கோட்டிலும் சுக்கானிலும் கூடுதலாக ஒரு முறை பூசலாம். துத்தநாகக் கட்டிகளின் மேல் பூசக் கூடாது.

5. எத்தனை மணி நேரம் உலர்ந்தபின் நீரில் இறக்கலாம் என்பதை டின்னில் அச்சிட்டுள்ள குறிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு வண்ணம் வாங்குவது? கணக்கு வகுப்பு இங்கே உதவும். அகலத்தையும் நீரில் அமிழும் ஆழத்தையும் கூட்டி, நீர்மட்ட நீளத்தால் பெருக்கினால் அடிப்பரப்பு ஏறத்தாழக் கிடைக்கும். நீளம் 12 மீட்டர், அகலம் 4, ஆழம் 1.5 என்றால் 66 சதுர மீட்டர். ஒரு லிட்டர் 8 சதுர மீட்டருக்கு வருமெனில், இரண்டு முறை பூச 16.5 லிட்டர் வேண்டும்.

நஞ்சும் நன்மையும்

பூச்சி மருந்து அளவு மீறினால் வயலின் தவளையும் மீனும் மடிவதை நாம் அறிவோம். கடலிலும் அவ்வாறே நிகழ்ந்தது. டி.பி.டி. என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பூச்சு ஒரு காலத்தில் மிகச் சிறந்ததெனப் புகழப்பட்டது. ஆனால் பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்போர் அதனால் பெரும் நட்டமடைந்தனர். 1982இல் அந்நாடு சிறு படகுகளில் அதைத் தடை செய்தது. 2001இல் உருவான உலக ஒப்பந்தம் 2008இல் நடைமுறைக்கு வந்து, எல்லாக் கப்பல்களுக்கும் அத்தடையை விரித்தது.

தாமிரமும் அளவு மீறினால் தீங்கே. தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022இல் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. மீனவர் ஆவுளியா என்றழைக்கும் அச்சாதுவான விலங்கு அங்குள்ள கடற்புல்லை மேய்ந்தே உயிர் வாழ்கிறது. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்வதும் அப்புல்லிலேதான். எனவே தரையில் தார்ப்பாய் விரித்துச் சுரண்டிய தூளையும் காலி டின்னையும் சேகரித்து, அவை கடலுக்குள் போகாமல் காப்பது கடமையாகும்.

நம்மில் சிலர் படகுள்ள வீட்டிலிருந்தும் பலர் வயலுள்ள வீட்டிலிருந்தும் வருகிறோம். களையை ஒழிக்கும் மருந்து நிலத்தைக் கெடுக்கக் கூடாது என்பதை வயலில் கற்றோம். படகைக் காக்கும் பூச்சு கடலைக் கெடுக்கக் கூடாது என்பதையும் வீட்டிலே எடுத்துச் சொல்வோமாக!