ஒபரா பார்க்க எதை உடுத்துவது?

சிட்னி ஒபரா ஹவுஸின் முன்னால் நின்று படம் பிடித்த நம்மவர்கள் பலர். உள்ளே போய் ஒபரா பார்த்தவர்கள் சிலரே. கேட்டால், "அதற்கேற்ற உடுப்பு எங்களிடம் இல்லையே" என்கிறார்கள். 1973இல் திறக்கப்பட்ட அந்த அரங்கில் உடைக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. நீண்ட கவுனோடு வருபவர்களும் உண்டு, வேலை முடிந்து அப்படியே வருபவர்களும் உண்டு.

பெண்களுக்கு நான் சேலையையே சிபாரிசு செய்வேன். ஆனால் ஒன்று: ஒபராப் பாடகர்கள் பொதுவாக ஒலிவாங்கி இல்லாமலே பாடுவார்கள். அவர்களுடைய மெல்லிய குரலும் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும். ஆகவே கண்ணாடி வளையலும் கொலுசும் வீட்டிலேயே இருக்கட்டும். சரசரக்கும் புதுப் பட்டைவிடக் கட்டிப் பழகிய சேலை நல்லது. உயர்ந்த கொண்டை பின்னால் இருப்பவருக்கு மேடையை மறைக்கும். வாசலில் படிகள் அதிகம். குதி உயர்ந்த செருப்பு வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை துறைமுகக் காற்று குளிரும். சால்வை ஒன்று கையில் இருக்கட்டும்.

ஆண்களுக்கு இஸ்திரி போட்ட சேட்டும் நீளக் காற்சட்டையும் தாராளம்.

உடுப்பை நினைத்துத் தயங்கி, நல்ல இசையை இழந்துவிடாதீர்கள்.