பாறை படித்தவர் ஊருக்கு வரட்டும்!

பல்லிலே பழுப்புக் கறை; முதுமை வருமுன்பே மூட்டிலே முடக்கம். கேட்டால், "தலையெழுத்து" என்றார்கள். தலையெழுத்தல்ல, தோழர்களே! தருமபுரிப் பாறை தண்ணீரிலே எழுதிய எழுத்து!

நம் மாவட்டத்து மண்ணுக்கடியில் இருப்பது கடினப்பாறை. அதன் கனிமங்களில் ஃபுளோரைடு அடங்கியிருக்கிறது. மழை குறைகிறது, கிணறு வற்றுகிறது, ஆழ்துளைக் குழாய் மேலும் மேலும் இறங்குகிறது. பாறையிடுக்கில் நெடுங்காலம் தேங்கிய நீர் அந்த ஃபுளோரைடைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியாது, காய்ச்சினாலும் போகாது!

அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில், 1937லேயே மருத்துவர்கள் இந்த நோயைப் பதிவு செய்தார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இயங்கத் தொடங்கியதோ 2013இல்! காவிரி நீர் வந்ததை வரவேற்கிறோம். ஆனால் குழாயில் நீர் வராத நாளில் தாய்மார் குடத்தோடு எங்கே போவார்கள்? பழைய ஆழ்துளைக் கிணற்றுக்குத்தானே!

அந்தக் கிணறு நல்லதா, கெட்டதா என்று காட்ட வல்லவர் யார்? நிலவியல் படித்தவர். பெரியார் பல்கலைக்கழகத்தின் தருமபுரி மையத்திலே அந்தப் படிப்பு இருக்கிறது. கல்லுடைப்பவர் மகனும் களையெடுப்பவர் மகளும் பட்டம் பெறும் காலம் இது. அவர்களுக்கு வேண்டியது என்ன?

நான்கு சுவருக்குள் ஒப்பிக்கும் பாடமல்ல. சுத்தியலும் திசைகாட்டியும் ஏந்தி ஆசிரியர் முன்னே நடக்க வேண்டும். மாணவர் உடன் நடக்க வேண்டும். பாறையின் சாய்வை அளந்து, கிணற்று நீரைப் புட்டியில் எடுத்து, ஆய்வுக்கூடத்தில் கண்ட எண்ணை ஊர்ப்படத்தில் குறிக்க வேண்டும். அதுவே கல்வி!

இன்னொன்றும் உண்டு. வீட்டிலே முதன்முதலாகக் கல்லூரி கண்ட பிள்ளைக்கு வழி சொல்ல ஆளில்லை. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்திலும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் பணியில் சேர ஒன்றிய தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. அதைச் சொல்லி, படிக்க வைத்து, மனுப் போட வைக்கும் ஆசிரியரே அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது தந்தை!

களப்பயணச் செலவு ஏழை மாணவர் தலையில் விழலாகாது, அரசு ஏற்கட்டும். மாணவர் அளந்த எண் ஏட்டிலே உறங்கலாகாது. ஊராட்சிச் சுவரிலே ஏறட்டும்.

தோழர்களே, அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: "எங்கள் கிணற்றின் எண் என்ன?" பதில் இல்லையென்றால், கல்லூரி வாசலுக்குச் சென்று அழையுங்கள். பாறை படித்தவர் ஊருக்கு வரட்டும், ஊர் நிமிரட்டும்!