வாடகைக் கருவிகளின் பாதுகாப்பு

வாடகைக் கருவிகளின் பாதுகாப்பு என்பது வாடகைக்கு விடப்படும் பொருட்கள் களவு போகாமலும், உறுப்புகள் மாற்றப்படாமலும், முரட்டுக் கையாளுகையால் பழுதடையாமலும் திரும்பி வருவதற்கான வழிமுறைகளைக் குறிக்கும். உடைமை ஒருவரிடமும் பயன்பாடு மற்றொருவரிடமும் இருப்பதால் இது தேவைப்படுகிறது. தஞ்சாவூர் மாவட்டத்தின் பாபநாசம் வட்டம் போன்ற காவிரிப் படுகைப் பகுதிகளில் திருமணப் பாத்திரங்களும் வேளாண் இயந்திரங்களும் வாடகைக்கு எடுக்கப்படுகின்றன. இவ்விரண்டிற்கும் பாதுகாப்பு முறைகள் வேறுபடுகின்றன.

பாத்திரங்கள்

அண்டா, குண்டான், தாம்பாளம், வாளி, கரண்டி ஆகியவை எண்ணிக்கையில் மிகுந்தவை, ஒன்றுபோல் தோன்றுபவை. எனவே பிறர் பாத்திரங்களுடன் கலந்துவிடுவதே முதன்மையான இடர் ஆகும். இதைத் தவிர்க்க உரிமையாளரின் பெயரோ முதலெழுத்துகளோ பாத்திரத்தில் வெட்டப்படுகின்றன. மையால் எழுதிய குறி தேய்க்கும்போது அழிந்துவிடும். உலோகத்தில் வெட்டிய எழுத்தை அராவி நீக்கினாலும் அராவிய தடம் காட்டிக்கொடுக்கும். கொடுக்கும்போதும் திரும்பப் பெறும்போதும் பட்டியலைக்கொண்டு எண்ணிக்கை சரிபார்க்கப்படும். குறைந்தவற்றின் விலை முன்பணத்தில் கழிக்கப்படும். ஏற்கனவே உள்ள நெளிவு, ஓட்டை ஆகியவற்றைக் கொடுக்கும்போதே குறித்துக்கொண்டால் பின்னர் தகராறு எழாது.

வேளாண் இயந்திரங்கள்

நெல் அறுவடை இயந்திரம் விலை மிக்கது. எனவே அது உழவரிடம் தனியே ஒப்படைக்கப்படாமல், பொதுவாக ஓட்டுநருடன் அனுப்பப்படுகிறது. ஈரம் காயாத வயலில் டயர் வகை இயந்திரம் புதைந்துவிடக்கூடும் என்பதால் பெல்ட் வகை பயன்படுகிறது. வயலில் கிடக்கும் கல், கம்பி போன்றவை வெட்டும் கத்திகளைச் சேதப்படுத்தும். அவற்றை முன்னரே அகற்றுவது அவசியம். இரவில் வயலோரம் நிறுத்தப்படும் இயந்திரத்திலிருந்து டீசலும் பேட்டரியும் திருடப்படலாம். பூட்டுள்ள மூடியும் காவலும் இதற்குத் தீர்வுகளாகும்.

வாடகை மணிக்கணக்கில் என்பதால், ஓடிய நேரத்தைக் காட்டும் மானியின் இணைப்பைத் துண்டித்துக் கணக்கைக் குறைக்க முடியும். முத்திரையிடுவதும், தொடக்கத்திலும் முடிவிலும் அளவைக் குறிப்பதும் இதைத் தடுக்கும். உரிமையாளர் அறியாமல் ஓட்டுநரே வேறு வயலில் இயந்திரத்தை ஓட்டுவதும் இக்குறிப்பினால் வெளிப்படும்.

சட்டநிலை

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இன் பிரிவு 151 இன்படி, பொருளைப் பெற்றவர் அதனைத் தம் சொந்தப் பொருளைப் போல இயல்பான முன்கவனத்துடன் பேண வேண்டும். அவ்வாறு பேணியும் சேதமுற்றால், தனி ஒப்பந்தம் இல்லாதவரை அவர் பொறுப்பாகார் (பிரிவு 152). நிபந்தனைக்கு மாறாகப் பயன்படுத்தினால் அதனால் விளையும் சேதத்தை ஈடுசெய்ய வேண்டும் (பிரிவு 154). உரிமையாளருக்கும் கடமை உண்டு. வாடகைக்கு விட்ட பொருளின் குறைபாட்டால் பெற்றவருக்குத் தீங்கு நேர்ந்தால், அக்குறையை அறியாதிருந்தாலும் உரிமையாளரே பொறுப்பாவார் (பிரிவு 150). எனவே ஒப்படைக்கும் முன் செய்யப்படும் சோதனை இருவரையும் காக்கிறது.

இவற்றையும் பார்க்கவும்

நெல் அறுவடை இயந்திரம்
இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872